வலிக்காத ஞானப்பல்லை எடுக்கணுமா? பக்கத்துப் பல்லைப் பார்த்துட்டு முடிவு பண்ணுங்க!

பல் க்ளீன் பண்ணலாம் என்றுதான் போனேன். முழு வாய்க்கும் ஒரு எக்ஸ்-ரே எடுத்துவிட்டு, கம்ப்யூட்டர் திரையைப் பார்த்தபடியே டாக்டர் சொன்னார்: "ஞானப்பல் நாலும் இருக்கு. நாலையும் எடுத்துடலாம்."

"வலிக்கவே இல்லையே டாக்டர்?"

"இப்போ வலிக்காது. பின்னாடி பக்கத்துப் பல்லைச் சொத்தையாக்கும்."

யோசித்துச் சொல்கிறேன் என்று கிளம்பி வந்துவிட்டேன். வீட்டில் ஆளுக்கு ஒரு தீர்ப்பு. "நல்ல பல்லை எதுக்குப் பிடுங்கணும்? காசு பிடுங்கத்தான்" என்றார் அப்பா. "பல்லை எடுத்தா கண்ணு பார்வை மங்கிடும்டி" என்றார் பாட்டி. அமெரிக்காவில் இருக்கும் கஸின், "இங்க காலேஜ் சேர்றதுக்கு முன்னாடியே நிறைய பேர் நாலையும் எடுத்துடுவாங்க" என்று வாய்ஸ் நோட் அனுப்பினான். ஆபீஸில் எதிர் சீட் அண்ணன் மட்டும் ஒன்றும் சொல்லாமல் வாயைத் திறந்து காட்டினார். கீழே இடது பக்கக் கடைசியில் இரண்டு பற்கள் இல்லை. "ஒண்ணு ஞானப்பல். இன்னொண்ணு அதுக்குப் பக்கத்துப் பல். ஞானப்பல் வலிக்கலையேன்னு ஏழு வருஷம் விட்டுட்டேன். கடைசியில வலிச்சது பக்கத்துப் பல்லு. அதுக்குள்ள அது காப்பாத்த முடியாத நிலைக்குப் போயிடுச்சு" என்றார்.

பாட்டியின் பயத்துக்கு மட்டும் உடனே பதில் சொல்லிவிடலாம். பல்லுக்குப் போகும் நரம்பு வேறு, பார்வைக்கான நரம்பு வேறு. பல்லை எடுப்பதால் பார்வை குறையாது. மற்ற மூன்று பேர் சொன்னதிலும் கொஞ்சம் கொஞ்சம் உண்மை இருக்கிறது. அதில் எது உங்கள் வாய்க்குப் பொருந்தும் என்பதுதான் கேள்வி.

ஏழும் எட்டும்

முதலில் ஒரு சின்னக் கணக்கு. உங்கள் எக்ஸ்-ரே ரிப்போர்ட்டில் 38, 48 என்றெல்லாம் எழுதியிருப்பார்கள். வாயை நான்கு கட்டங்களாகப் பிரித்து, முன்பல்லை 1 என்று வைத்துப் பின்னோக்கி எண்ணினால் ஞானப்பல் எட்டாவது. மேல் வலது 18, மேல் இடது 28, கீழ் இடது 38, கீழ் வலது 48. அதற்கு முந்தைய கடைவாய்ப் பல் ஏழாம் நம்பர்: கீழே என்றால் 37, 47. பல் டாக்டர்கள் பேச்சுவழக்கில் 'ஏழு', 'எட்டு' என்றே சொல்வார்கள். நாமும் அப்படியே வைத்துக்கொள்வோம்.

ஏழு சுமார் 12 வயதிலேயே வந்துவிடும். வாழ்நாள் முழுக்க மெல்வதற்கு உதவும் முக்கியமான பல் அது. எட்டு வருவது 17 வயதுக்கு மேல்தான். சிலருக்கு 25 வரை இழுக்கும், சிலருக்கு வரவே வராது. அதற்குள் தாடையில் இடம் தீர்ந்துபோயிருக்கும். மூணு பேர் உட்கார்ந்திருக்கும் பஸ் சீட்டில் "கொஞ்சம் தள்ளுங்க" என்று நாலாவது ஆள் நுழைவது போலத்தான். நேராக உட்கார இடமில்லாமல் சாய்ந்து, படுத்து, அல்லது எலும்புக்குள்ளேயே மாட்டிக்கொண்டு நின்றுவிடும். இதைத்தான் 'இம்பாக்டட்' என்கிறார்கள். புதைந்த பல் என்று சொல்லலாம். கீழ்த்தாடையில் அதிகம் காணப்படுவது, எட்டின் தலை முன்பக்கமாகச் சாய்ந்து ஏழின் முதுகில் முட்டிக்கொண்டு நிற்கும் வகை. இந்தக் கட்டுரையின் வில்லன் அதுதான்.

சொத்தை எப்படி வருகிறது?

'ஞானப்பல்லில் இருந்து சொத்தை பக்கத்துப் பல்லுக்கு ஒட்டிக்கும்' என்று பலர் நினைக்கிறார்கள். சளி மாதிரி ஒட்டுவதில்லை. நடப்பது வேறு.

சாய்ந்த எட்டு, ஏழின் பின்பக்கம் முட்டும் இடத்துக்குக் கீழே ஒரு முக்கோணச் சந்து உருவாகிறது. மேலே பாதி ஈறு மூடியிருக்கும், பாதி திறந்திருக்கும். சோறு, பிஸ்கட் மாவு, டீயில் இருக்கும் சர்க்கரை எல்லாம் உள்ளே போகும். வெளியே வராது. பிரஷ் அங்கே எட்டாது. ஃப்ளாஸ் நூலை விட்டாலும் முட்டிக்கொண்டிருக்கும் இடத்தைத் தாண்டிக் கீழே இறங்குவது கஷ்டம். கிருமிகளுக்கு இதைவிட வசதியான வீடு கிடையாது. சர்க்கரையைத் தின்று அமிலத்தைக் கக்கிக்கொண்டே இருக்கும்.

அந்த அமிலம் எங்கே படுகிறது என்பதுதான் பெரிய பிரச்னை. பல்லின் மேல்பகுதிக்கு எனாமல் என்ற கவசம் உண்டு. ஈறுக்குக் கீழே போகப்போக அந்தக் கவசம் மெலிந்து, வேர் தொடங்கும் இடத்தில் முடிந்துவிடும். சாய்ந்த எட்டு பல சமயம் முட்டுவது சரியாக அந்த எல்லைக்கோட்டில்தான். எனாமல் கரையத் தொடங்க அமிலத்தன்மை பி.ஹெச். அளவில் சுமார் 5.5-க்குக் கீழே போக வேண்டும். வேர்ப்பகுதிக்கு அவ்வளவு தேவையில்லை, 6-ஐத் தாண்டிய அளவிலேயே கரையத் தொடங்கிவிடும். அதாவது, முன்பல்லைத் தொடக்கூட முடியாத லேசான அமிலமே இங்கே குழி தோண்டிவிடும்.

இந்தச் சொத்தை கண்ணாடியில் தெரியாது. நாக்கால் தடவினாலும் தெரியாது. டாக்டருக்கே பல நேரம் எக்ஸ்-ரே இல்லாமல் தெரியாது. ஜில்லென்று தண்ணீர் குடிக்கும்போது கூசுவதோ, ராத்திரி திடீரென்று வலிப்பதோதான் முதல் அறிகுறியாக இருக்கும். அதற்குள் சொத்தை பல்லின் நரம்பை நெருங்கியிருக்கலாம். அடைக்கலாம் என்றால் இடம் ஈறுக்குக் கீழே, பல்லின் பின்பக்கம், எச்சிலும் ரத்தமும் கசியும் மூலை. காய்ந்த இடத்தில்தான் ஃபில்லிங் சரியாக ஒட்டும். அதனால் கொஞ்சம் ஆழமான சொத்தை என்றாலே ரூட் கேனல், கேப் என்று கணக்கு நீளும். எட்டை எடுத்தால்தான் ஏழில் வேலை செய்யவே இடம் கிடைக்கும் என்பதால், தவிர்க்க நினைத்த ஆபரேஷனும் அதோடு சேர்ந்து வரும். வேருக்குள் இறங்கிவிட்டால், ஆபீஸ் அண்ணனுக்கு ஆனது போல இரண்டும் போகும்.

'ஏழு போனா என்ன, எட்டு அந்த இடத்துக்கு வந்துடாதா?' என்று நானும் கேட்டேன். வளரும் வயதில் சில சமயம் நகர்ந்து வரும். கிளிப் போட்டு நிமிர்த்தவும் சிலருக்கு முடியும். வேர் முழுசாக வளர்ந்த பிறகு, படுத்துக் கிடக்கும் எட்டு தானாக எழுந்து வந்து ஏழின் வேலையைப் பார்க்கும் என்று நம்பிக் காத்திருக்க முடியாது.

எல்லா எட்டும் எதிரி இல்லை

என் முதல் டாக்டர் 'நாலையும்' என்று சொன்னதில் எனக்கு நெருடியது இந்த இடம்தான். நான்கு ஞானப்பற்களும் ஒரே மாதிரி இருப்பது அபூர்வம். ஒவ்வொன்றாகப் பார்க்க வேண்டும்.

எலும்புக்குள் முழுக்கப் புதைந்து, வாய்க்குள் எட்டிக்கூடப் பார்க்காத எட்டு: அதற்கும் வாய்க்கும் தொடர்பே இல்லாதபோது கிருமியும் சர்க்கரையும் போக வழியில்லை. அது பக்கத்துப் பல்லைச் சொத்தையாக்குவது கடினம். அபூர்வமாக அதைச் சுற்றி நீர்க்கட்டி வரலாம், பக்கத்துப் பல்லின் வேர் அரிக்கப்படலாம். அதற்காக அவ்வப்போது எக்ஸ்-ரே பார்த்தால் போதும். நேராக முழுசாக முளைத்து, மேல் பல்லோடு சேர்ந்து மென்று, பிரஷ்ஷும் எட்டுகிற எட்டு: அதை எடுக்கக் காரணமே இல்லை. பின்னாளில் பக்கத்துப் பல் ஏதாவது போனால் பாலம் கட்ட அதுவே தூணாக உதவும். மேல் எட்டுகள் பெரும்பாலும் இந்த ரகளையில் ஈடுபடுவதில்லை. சில சமயம் கன்னத்தைக் கடிக்கும் அளவுக்கு வெளியே சாயும். அப்போது எடுப்பார்கள், அதுவும் கீழ்ப்பல் அளவுக்குச் சிரமமில்லை.

கவலைப்பட வேண்டியது பாதி முளைத்து, முன்பக்கமாகச் சாய்ந்து, ஏழின் கழுத்துப் பகுதியில் முட்டும் கீழ் எட்டு. சாய்வு சுமார் 30 முதல் 70 டிகிரிக்குள் இருந்தால் ஏழின் பின்பக்கச் சொத்தைக்கு வாய்ப்பு கூடுகிறது என்று ஆய்வுகள் திரும்பத் திரும்பச் சொல்கின்றன. உங்களுக்கு ஏற்கெனவே மற்ற பற்களில் சொத்தை இருக்கிறதா, நாளுக்கு எத்தனை முறை இனிப்பு டீ, கூல்டிரிங்க்ஸ் என்பதும் சேர்த்துக் கணக்கு.

ஒரு தவறான நம்பிக்கையையும் இங்கேயே ஒழித்துவிடலாம். 'ஞானப்பல் தள்ளித்தான் முன்பல் கோணலாகுது, அதனால எடுங்க' என்று யாராவது சொன்னால், அது எடுப்பதற்கான காரணம் ஆகாது. 164 பதின்வயதினரை வைத்து இங்கிலாந்தில் இதைச் சோதித்தார்கள். 5 வருடம் கழித்து, எட்டை எடுத்தவர்களுக்கும் எடுக்காதவர்களுக்கும் முன்பல் நெரிசலில் குறிப்பிடும்படியான வித்தியாசம் இல்லை.

ஒரு நாடே பரிசோதித்துப் பார்த்தது

அப்பா சொன்ன 'நல்ல பல்லை எதுக்கு?' என்ற கேள்வியை ஒரு நாடே கேட்டிருக்கிறது. எந்தச் சிகிச்சைக்கு அரசுப் பணத்தைச் செலவிடலாம் என்று இங்கிலாந்தில் வழிகாட்டும் 'நைஸ்' என்ற அமைப்பு, 2000-ம் ஆண்டில் ஒரு வழிகாட்டுதல் வெளியிட்டது. நோய் எதுவும் இல்லாத புதைந்த ஞானப்பல்லை முன்னெச்சரிக்கைக்காக எடுக்கும் வழக்கத்தை நிறுத்துங்கள் என்றது. சரிசெய்ய முடியாத சொத்தை, சீழ், நீர்க்கட்டி, பக்கத்துப் பல் அரிப்பு என ஏதாவது வந்தால் மட்டும் எடுக்கலாம். எட்டைச் சுற்றி ஈறு வீங்குவதுகூட முதல் முறை என்றால் எடுக்கத் தேவையில்லை, அது ரொம்பக் கடுமையாக இருந்தால் தவிர. இரண்டாவது முறை வந்தால் எடுக்கலாம்.

காரணம் நியாயமானது. ஆபரேஷன் என்றால் வலி, வீக்கம், செலவு, சிலருக்கு நரம்புப் பாதிப்பு. நோயே வராமல் போகக்கூடிய பலரை இதற்கு உட்படுத்துவது ஏன்?

பிறகு என்ன நடந்தது? ஞானப்பல் ஆபரேஷன்கள் முதலில் சரசரவென்று குறைந்தன. சில வருடங்களில் மறுபடி ஏறத் தொடங்கின. 2012-ல் பிரிட்டிஷ் பல் மருத்துவ இதழில் வந்த ஆய்வு ஒன்று, அந்தப் பத்து வருடங்களில் ஞானப்பல் எடுக்க வந்தவர்களின் சராசரி வயது 25-லிருந்து 32-க்குப் போய்விட்டதைக் காட்டியது. எடுப்பதற்கான காரணங்களில் சொத்தையின் பங்கும் கூடியிருந்தது. அதாவது, ஒரு பகுதியினருக்கு ஆபரேஷன் தவிர்க்கப்படவில்லை, தள்ளிப்போடப்பட்டது. இதற்கிடையில் சிலருடைய ஏழு பலியானது. இங்கிலாந்தின் ராயல் காலேஜ் ஆஃப் சர்ஜன்ஸ் அமைப்பின் பல் அறுவைச் சிகிச்சைப் பிரிவு 2020-ல் வெளியிட்ட வழிகாட்டுதல் இன்னும் நெகிழ்வானது. நோய் இருக்கிறதா என்று மட்டும் பார்க்காமல், வருவதற்கான வாய்ப்பையும் எடைபோட்டு ஒவ்வொருவருக்கும் தனித்தனியாக முடிவெடுக்கச் சொல்கிறது.

அமெரிக்கா நேர் எதிர்ப்பக்கம். அங்கே பதின்வயது முடிவதற்குள் எடுத்துவிடுவது பரவலான வழக்கம். அதையும் அங்குள்ளவர்களே கேள்வி கேட்டிருக்கிறார்கள். தேவையில்லாத லட்சக்கணக்கான ஆபரேஷன்கள் என்று 2007-ல் அமெரிக்கப் பொதுச் சுகாதார இதழ் ஒன்றிலேயே ஒரு பல் மருத்துவர் காரசாரமாக எழுதினார்.

'சயின்ஸ் என்னதான் சொல்லுது?' என்று கேட்டால், உலக ஆய்வுகளைத் தொகுத்து அலசும் காக்ரேன் அமைப்பு 2020-ல் தந்த பதில்: நோயற்ற, தொந்தரவு தராத புதைந்த ஞானப்பல்லை எடுப்பதா விடுவதா என்று சொல்லப் போதுமான ஆதாரம் இல்லை. அவர்கள் வடிகட்டியதில் தேறியவை இரண்டே ஆய்வுகள். ஒன்று, மேலே சொன்ன 164 பேர். இன்னொன்று, 24 முதல் 84 வயது வரையிலான 416 ஆண்களைப் பல வருடங்கள் பின்தொடர்ந்தது. சொத்தை பற்றி உறுதியாகச் சொல்ல அது போதவில்லை. அதனால், 'எல்லாரும் எடுக்கணும்' என்று சொல்பவரையும் 'யாருமே எடுக்கக் கூடாது' என்று சொல்பவரையும் ஒரே அளவு சந்தேகத்தோடு கேளுங்கள்.

எடுப்பதில் என்ன ரிஸ்க்?

கீழ்த்தாடைக்குள் ஒரு நரம்பு ஓடுகிறது. கீழ் உதட்டுக்கும் தாடை நுனிக்கும் உணர்வு தருவது அதுதான். எட்டின் வேர் பல பேருக்கு அந்த நரம்பின் மேலேயே உட்கார்ந்திருக்கும். நாக்குக்குப் போகும் நரம்பும் பக்கத்தில்தான். ஆபரேஷனில் இவை அழுந்தினாலோ காயப்பட்டாலோ உதடோ நாக்கோ மரத்துப்போகும். நூற்றில் சிலருக்கு இது தற்காலிகமாக வந்து, வாரங்களிலோ மாதங்களிலோ சரியாகும். நிரந்தரமாக நிற்பது 1 சதவிகிதத்துக்கும் குறைவு. குறைவுதான். ஆனால் அந்த ஒருவருக்கு டீ வாயோரம் வழிவதுகூடத் தெரியாது. அதனால்தான் தேவையில்லாத எட்டைத் தொடக் கூடாது என்கிறார்கள்.

எக்ஸ்-ரேவில் வேரும் நரம்புக் குழாயும் ஒன்றின்மேல் ஒன்று விழுந்து, குழாயின் வெள்ளைக் கோடு அறுந்தது போலவோ வேர் அந்த இடத்தில் கறுத்தோ தெரிந்தால், சி.பி.சி.டி என்ற முப்பரிமாண ஸ்கேன் எடுக்கச் சொல்வார்கள். அதிலும் நெருக்கம் உறுதியானால், பல்லின் தலையை மட்டும் வெட்டியெடுத்து வேரை அப்படியே விட்டுவிடும் 'கொரோனெக்டமி' என்ற முறை இருக்கிறது. ஏழில் முட்டுவது தலைதானே! எட்டின் உட்பகுதியில் ஏற்கெனவே கிருமித் தொற்று இருந்தால் இது சரிப்படாது. இப்படி ஒரு வழி இருப்பதே பலருக்குத் தெரிவதில்லை, கேட்டுப் பாருங்கள்.

வயதும் ஒரு விஷயம். இருபதுகளின் தொடக்கத்தில் வேர் முழுசாக வளர்ந்திருக்காது, எலும்பும் கொஞ்சம் நெகிழ்வாக இருக்கும், காயமும் சீக்கிரம் ஆறும். வயது ஏற ஏற எலும்பு இறுகும், சிக்கல்களும் கூடும். ஏழின் பின்பக்கம் எலும்பு சரியாக நிரம்பாமல் பள்ளம் நிற்கவும் வாய்ப்பு அதிகம். 'எப்படியும் எடுக்க வேண்டியதுதான்' என்ற ரகத்தில் உங்கள் பல் இருந்தால், 22-ல் எடுப்பது 35-ல் எடுப்பதைவிடச் சுலபம். வெளிநாட்டுக்குப் படிக்கப் போகிறவர்களும், குழந்தைக்குத் திட்டமிடுகிறவர்களும் அதற்கு முன்பே ஒருமுறை காட்டிவிடுவது நல்லது. செமஸ்டர் நடுவிலோ ஏழாம் மாதத்திலோ ஈறு வீங்கினால் அவஸ்தை இரட்டிப்பு.

டாக்டரிடம் என்ன கேட்கலாம்?

நான் இரண்டாவது கருத்துக்காக, வாய் மற்றும் முகத்தாடை அறுவைச் சிகிச்சையில் எம்.டி.எஸ் முடித்த வேறொரு டாக்டரிடம் போனேன். எக்ஸ்-ரேவை வாட்ஸ்அப் ஃபோட்டோவாக இல்லாமல் ஒரிஜினல் ஃபைலாகவே வாங்கிக்கொண்டு போங்கள். அது உங்களுடையது, கேட்டால் தர வேண்டும். ஓ.பி.ஜி என்ற முழுத் தாடைப் படத்தில் பற்கள் ஒன்றின்மேல் ஒன்று விழுந்து சின்னச் சொத்தை மறைந்துவிடலாம். ஏழின் பின்பக்கம் சந்தேகமாக இருந்தால் வாய்க்குள் வைத்து எடுக்கும் சின்ன எக்ஸ்-ரே இன்னும் தெளிவாகக் காட்டும்.

"எடுக்கணுமா?" என்று பொதுவாகக் கேட்டால் "ஆமா, இல்லை" என்றுதான் பதில் வரும். அதைவிட, "இந்த எட்டு ஏழைத் தொடுதா? எந்த இடத்தில்? ஈறுக்கு வெளியே எவ்வளவு தெரியுது? ஏழில் இப்பவே ஏதாவது ஆரம்பிச்சிருக்கா? நரம்பு எவ்வளவு பக்கம்? எடுக்கலைனா எப்போ மறுபடி பார்க்கணும்?" என்று கேளுங்கள். திரையில் விரல் வைத்துக் காட்டிப் பதில் சொல்லும் டாக்டர் என்றால் நம்பி உட்காரலாம். "எல்லாத்தையும் ஒரே நாள்ல முடிச்சுடலாம், பேக்கேஜ் இருக்கு" என்பது மட்டுமே பதிலாக வந்தால், நான் என்றால் எழுந்து வந்துவிடுவேன்.

தனியார் கிளினிக் செலவு ஊருக்கு ஊர், பல்லின் நிலைக்கு ஏற்ப மாறும். கையில் காசு இல்லை என்பதற்காகத் தள்ளிப்போட வேண்டாம். சென்னை தமிழ்நாடு அரசு பல் மருத்துவக் கல்லூரி, புதுக்கோட்டை அரசு பல் மருத்துவக் கல்லூரி போன்ற இடங்களில் இதற்கென்றே தனித் துறை இருக்கிறது. வரிசையில் நிற்கும் பொறுமை வேண்டும், அவ்வளவுதான்.

எடுக்க வேண்டாம் என்று முடிவானால்...

அது மறந்துவிடலாம் என்ற முடிவு கிடையாது. ஆபீஸ் அண்ணன் சறுக்கியது இங்கேதான். 6 மாதம் அல்லது ஒரு வருடத்துக்கு ஒருமுறை டாக்டர் பார்க்க வேண்டும், அவர் சொல்லும் இடைவெளியில் எக்ஸ்-ரேவும் எடுக்க வேண்டும். சாய்ந்த பல் என்றால் பொதுவாக 2 வருடத்துக்கு மேல் இடைவெளி விடாமல் இருப்பது நல்லது. ஃப்ளூரைடு உள்ள பேஸ்ட், கடைசிப் பல்லுக்குப் பின்னால் போகும் குட்டித்தலை பிரஷ், ராத்திரி பல் தேய்த்த பிறகு எதுவும் சாப்பிடாமல் இருப்பது என மூன்றும் உதவும். ஏழுக்கு ஃப்ளூரைடு வார்னிஷ் பூசலாமா என்றும் கேட்டு வையுங்கள்.

எட்டைச் சுற்றி ஈறு லேசாக வீங்கி வலித்தால் வெதுவெதுப்பான உப்புத் தண்ணீரில் கொப்பளிக்கலாம். அது தற்காலிக ஆறுதல்தான், டாக்டரைப் பார்த்தே ஆக வேண்டும். கிராம்பை அமுக்கி வைப்பது நம் வீடுகளில் பழைய வழக்கம். கிராம்புத் தைலத்தை அப்படியே ஊற்றினால் ஈறு புண்ணாகும். மாத்திரையைப் பொடித்து ஈறில் வைப்பது அதைவிட மோசம், தோல் வெந்துவிடும். மெடிக்கல் ஷாப்பில் நீங்களே ஆன்டிபயாடிக் கேட்டு வாங்கவும் வேண்டாம். வாய் திறக்க முடியாமல் போவது, காய்ச்சல், கழுத்து வரை வீக்கம், எச்சில்கூட விழுங்க முடியாத நிலை, மூச்சு விடச் சிரமம் ஆகியவை வந்தால் காலை வரை காத்திருக்காமல் அவசரப் பிரிவுக்குப் போங்கள். பல்லில் தொடங்கும் சீழ் கழுத்துக்குள் இறங்கி உயிருக்கே ஆபத்தாகலாம்.

எடுத்தால், முதல் வாரம்

பல் எடுத்த குழியில் ரத்தம் உறைந்து ஒரு மூடி மாதிரி நிற்கும். அந்த மூடியைப் பத்திரமாகப் பார்த்துக்கொள்வதுதான் முதல் வாரத்தின் ஒரே வேலை. பஞ்சைக் கடித்துக்கொண்டு அரைமணி முதல் ஒரு மணி நேரம். எச்சிலைத் துப்பிக்கொண்டே இருக்காமல் விழுங்குங்கள். ஸ்ட்ராவில் ஜூஸ் உறிஞ்சாதீர்கள். உறிஞ்சும் வேகத்தில் மூடி பிய்ந்து வரும். சிகரெட் கட்டாயம் கூடாது. முதல் நாள் கொப்பளிக்கக் கூடாது, 24 மணி நேரத்துக்குப் பிறகு உப்புத் தண்ணீர். கன்னத்தில் ஐஸ் ஒத்தடம் முதல் நாளில். வீக்கம் இரண்டு, மூன்றாம் நாளில்தான் உச்சத்தில் இருக்கும், பயப்படாதீர்கள். குறைந்துகொண்டு வந்த வலி மூன்றாவது, நாலாவது நாளில் திடீரென்று காது வரை ஏறி, வாயில் கெட்ட வாடையும் வந்தால் அந்த மூடி போய்விட்டது என்று அர்த்தம். 'ட்ரை சாக்கெட்' என்பார்கள். டாக்டரிடம் போனால் குழியைக் கழுவி மருந்து வைப்பார், வலி இறங்கிவிடும்.

என் கதைக்கு வருகிறேன். இரண்டாவது டாக்டர் நாலையும் தனித்தனியாகப் பார்த்தார். மேல் இரண்டும் நேராக இருக்கின்றன, விட்டுவிடலாம். கீழ் வலது 48 முழுக்க எலும்புக்குள், விட்டுவிட்டு அடுத்த எக்ஸ்-ரேவில் பார்க்கலாம். கீழ் இடது 38 மட்டும் பாதி வெளியே வந்து 37-ன் கழுத்தில் தலைசாய்த்துப் படுத்திருந்தது. சின்ன எக்ஸ்-ரேவைப் பெரிதாக்கிக் காட்டினார். 37-ன் பின்பக்கம், முட்டும் இடத்தில், பென்சில் முனையால் தொட்டது போல ஒரு கறுப்பு. "இது இன்னும் நரம்புக்குப் போகலை. 38-ஐ எடுத்துட்டு ஈறு ஆறினதும் ஒரு ஃபில்லிங். அவ்வளவுதான்" என்றார்.

நாலுக்குப் பதில் ஒன்று. முக்கால் மணி நேரம், மூன்று தையல், நாலு நாள் மோர் சாதம். "ஒண்ணு மட்டும்தானா? அப்போ மீதி மூணுக்கும் சேர்த்துல்ல காசு கேட்டான் அவன்!" என்று அப்பா இன்னும் முதல் கிளினிக்கை விடுவதாக இல்லை. பாட்டி தினமும் காலையில் பேப்பரை நீட்டி, "படி, எழுத்து தெரியுதா பார்ப்போம்" என்கிறார். தெரிகிறது. 37-க்கு ஃபில்லிங் அடுத்த வாரம்.